பாத்துக் குடுங்க

சொட்டுநீர்க் குழாய் பழுதுபார்க்கும் டிரிப்புக்காரர் கூலியை வாய்திறந்து சொல்லமாட்டார். பாடாலூரில் தொடங்கி இரூர், செட்டிகுளம், ஆலத்தூர் கேட் என்று எந்தப் பக்கத்துக் கொல்லைக்குப் போனாலும், அறுந்த லேட்டரல் குழாய்க்கு ஒட்டுப்போட்டாலும், அடைத்த பில்டரைக் கழுவினாலும், "எவ்வளவு தம்பி?" என்ற கேள்விக்கு அவர் கைவசம் ஒரே விடைதான் உண்டு: "பாத்துக் குடுங்கண்ணே." எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது, பார்த்த பிறகு என்ன தெரியவரும் என்பதற்கெல்லாம் விளக்கம் கிடையாது.

இத்தனைக்கும் அவர் புழங்கும் தொழிலில் அளவில்லாத சாமான் ஒன்றுகூட இல்லை. லேட்டரல் 16 மில்லிமீட்டர். மெயின் லைன் 75, சப் மெயின் 63. சொட்டுவான் 40 சென்டிமீட்டருக்கு ஒன்று, மணிக்கு 4 லிட்டர். பில்டருக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ், பின்னால் ஒன்று. இரண்டு முள்ளுக்கும் இடைவெளி கூடினால் உள்ளே அடைப்பு என்று பொருள். இஸ்ரேலின் நீர்ப்பொறியாளர் சிம்ஹா பிளாஸ் சொட்டின் வேகத்தை அடக்கியாளும் கருவியைச் செய்து, ஹட்செரிம் கிப்புட்ஸோடு சேர்ந்து 1965-ல் நெட்டாஃபிம் நிறுவனத்தைத் தொடங்கிய நாளிலிருந்து, இந்த முறையின் பெருமையே செடியின் காலடியில் விழும் தண்ணீரை எண்ணிச் சொல்லிவிடலாம் என்பதுதான். சாமான் விலையிலும் டிரிப்புக்காரரிடம் குழப்பம் கிடையாது. "ஜாயினர் நாலு, எண்ட் கேப் ரெண்டு, டேக் ஆஃப் ஒண்ணு, வாசர் ஒரு செட்டு" என்று விரல்விட்டு எண்ணி, ரூபாய் சுத்தமாகச் சொல்லி, கேட்டால் கடைச் சீட்டையும் எடுத்து நீட்டுவார். அத்தனையும் சொன்ன வாய் கூலி என்ற இடத்துக்கு வந்ததும் பூட்டிக்கொள்ளும்.

கேட்பவருக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்கும் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் பம்பு செட்டு மின்சாரம் இலவசமாகி 1990-லிருந்து ஒரு தலைமுறை கடந்துவிட்டது. சொட்டுநீர் அமைக்க ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு நூறு சதவீதம் மானியம் தருகிறது. மற்றவர்களுக்கு 75 சதவீதம். சிட்டா, அடங்கல், வரைபடம், தாசில்தார் கொடுக்கும் சிறு விவசாயி சான்று என்று கொஞ்ச நாள் அலைய வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் சொந்த போரில் வருகிறது. (போர் போட்ட கடன் தனிக் கணக்கு, பாறை நிறைந்த மாவட்டத்தில் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.) ஆகவே தண்ணீர் பாய்ச்சுவதற்காக மடியை அவிழ்த்துக் காசெடுக்கும் சந்தர்ப்பம், வருஷத்தில் பெரும்பாலும் இந்தப் பழுது ஒன்றுதான். அந்த ஒன்றுக்கும் விலை தெரியாது.

பழுதுகளுக்குக் குறைவில்லை. வெங்காயத்தில் களையெடுக்கும்போது களைக்கொத்து லேட்டரலில் இறங்கும். கோடையில் எலியும் அணிலும் தண்ணீருக்காகக் குழாயைக் கடிக்கும். மக்காச்சோளத்தில் காட்டுப்பன்றி புகுந்தால் கதிரோடு குழாயும் போகும். இவற்றுக்கெல்லாம் மேலே, போர்த் தண்ணீரின் உப்பு சொட்டுவானுக்குள் வெள்ளையாகப் படிந்து ஒவ்வொரு துளையாக அடைத்துவிடும். அமிலம் விட்டு ஊறவைத்துக் கழுவ வேண்டும். நோயும் மருந்தும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். பாதி வேலையை விவசாயியே செய்துவிடலாம். ஆனால் பைப்பை அறுத்துச் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற இடத்தில் ஒரு தடவை கசிந்துவிட்டால், வீட்டில் அதைப் பத்து வருஷம் சொல்லிக்காட்டுவார்கள். ஆகவே டிரிப்புக்காரருக்குப் போன் போகிறது.

"பூமலை கிட்ட வந்துட்டேண்ணே, இந்தா" என்பார். அந்த ‘இந்தா’ மறுநாள் மதியம் வரை நீளக்கூடியது. இந்தக் குணம் எல்லாத் தொழிலாளருக்கும் பொது என்பதால் இங்கே விரிக்கத் தேவையில்லை.

வந்தவர் உடனே குனிந்து குழாயைப் பார்ப்பதில்லை. வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தி, சாவியைச் சுழற்றிக்கொண்டே வரப்பில் ஒரு நடை நடக்கிறார். பழுதை ஆராய்வதுபோலத் தோன்றும் இந்த நடையில்தான் கூலி நிர்ணயம் தொடங்குகிறது. வாசலில் கட்டியிருக்கும் மாடு எத்தனை, கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்றா, டிராக்டர் சொந்தமா வாடகையா, பட்டறையில் வெங்காயம் இருக்கிறதா காலியா, எல்லாம் கண்ணிலேயே பதிவாகும். பிறகு வாய்மொழி விசாரணை.

"வெங்காயம் எடுத்தாச்சாண்ணே?"

"எடுத்தாச்சு."

"என்ன வெலைக்குப் போச்சு?"

விவரம் புரியாதவர்கள் இதைக் குசலம் விசாரிப்பது என்று எண்ணி உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். அனுபவப்பட்டவர், கிலோ ஐம்பதுக்குப் போயிருந்தாலும், "எங்கப்பா, இருவதுக்கே வாங்க ஆளில்ல" என்று முகத்தைத் தொங்கப்போடுவார். அதனால் பலன் அதிகமில்லை. செட்டிகுளத்தில் அன்று காலை என்ன விலை என்பது டிரிப்புக்காரருக்கு வரும் வழியிலேயே தெரிந்திருக்கும். அவர் கேட்டது விலையை அறிவதற்கல்ல. பொய் எவ்வளவு தூரம் போகும் என்று அறிவதற்கு. அடுத்த கேள்வி, "தம்பி இன்னும் சிங்கப்பூர்லதானே இருக்காப்ல?" இதற்கு ஆம் என்று பதில் வந்தால் விசாரணை அத்தோடு முடிந்தது.

அழைக்கும் முறையும் கணக்கில் சேரும். ‘சித்தப்பா’ என்று கூப்பிட்டால் கூலி குறைச்சல். ஆனால் சித்தப்பா அறுவடை முடிந்துதான் தருவார் என்பது இருவருக்கும் தெரியும். ‘அண்ணே’ என்பது கைமேல் காசு, நியாயமான தொகை. ‘மாமா’வை அவர் கூடியவரை தவிர்க்கிறார், மாமா வீட்டில் கொல்லை வேலை முடிந்த பிறகு குளியலறைக் குழாயையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுவார்கள், அதற்குக் காசும் வராது, காபிதான் வரும். திருச்சியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு நால்வழிச் சாலைக்கு அந்தப் பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கிப்போட்டவர், ஞாயிற்றுக்கிழமை தொப்பியோடு வந்து நிற்பவர், ‘சார்’. சாருக்கு விலை என்று ஒன்று கிடையாது. சார் எவ்வளவு கொடுக்கிறாரோ அதற்குமேல் நூறு.

வேலை தொடங்கும் முன்பே கூலியைப் பேசி முடித்துவிட வேண்டும் என்று உறுதியோடு இருப்பவர்களும் உண்டு. அவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வழியை மறித்துக் கேட்பார்கள். டிரிப்புக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. "மொதல்ல என்னன்னு பாப்போம்ணே" என்பார். பாதி வேலையில் கேட்டால், "முடியட்டும்ணே, அவசரமா போவப்போறீங்க?" முடிந்த பிறகு கேட்டால், "பாத்துக் குடுங்க." முதலில் அவர் பார்க்க வேண்டும், கடைசியில் இவர் பார்க்க வேண்டும், நடுவில் விலை எந்த இடத்தில் உருவாயிற்று என்று யாராலும் காட்ட முடியாது.

கொடுக்கல் வாங்கல் நடக்கும் அந்தக் கடைசிக் கால்மணி நேரம் கவனித்துப் பார்க்கத் தக்கது. எண்ட் கேப்பைக் கழற்றிவிடுகிறார். முதலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் கொப்பளிக்கிறது, பிறகு வெளுக்கிறது, பிறகு தெளிகிறது. தெளிந்ததும் மூடிவிட்டு, வரிசையாக நடந்து ஒவ்வொரு லேட்டரலின் கடைசியிலும் குனிந்து சொட்டு விழுகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கிறார். இந்த இடத்தில் அவருடைய வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வாய்க்காலில் கை கழுவுகிறார். பைப் ரிஞ்சைத் துடைத்துப் பைக்குள் வைக்கிறார். ஆக்சா பிளேடைத் துடைத்து வைக்கிறார். சொல்யூஷன் டப்பாவின் மூடியைத் திறந்து, எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, மூடி, வைக்கிறார். டெப்லான் டேப்பின் நுனியைத் தேடி ஒட்டி வைக்கிறார். மொத்தம் ஐந்தாறு சாமான். அவை பைக்குள் போக ஆகும் நேரத்தில் ஒரு வெங்காயப் பாத்தியே கட்டிவிடலாம்.

"எவ்வளவுப்பா?"

"பாத்துக் குடுங்கண்ணே."

"நீ ஒரு தொகையச் சொல்லு."

"நான் என்னண்ணே சொல்றது, உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியாமத்தானே கேக்குறேன்."

"அட இருக்கட்டும்ணே. நமக்குள்ள என்ன. குடுக்குறதக் குடுங்க."

மூன்று நூறு ரூபாய்த் தாள்கள் நீட்டப்படுகின்றன. அவர் அவற்றைப் பார்ப்பதில்லை. பார்வை தூரத்துப் பருத்திமேல் இருக்கிறது. "காய் நல்லாப் புடிச்சிருக்குண்ணே" என்கிறார். வலதுகைக் கட்டைவிரல் மட்டும் தாள்களின் ஓரத்தில் ஒரு தடவை ஓடி நிற்கிறது. மூன்று என்று அதற்குத் தெரிந்துவிட்டது. தாள்கள் சட்டைப்பைக்குப் போகாமல் விரலிடுக்கிலேயே நிற்கின்றன. பிறகு அந்தச் சொல் வருகிறது: சரி.

‘சரி’யைப் படிக்கத் தெரியாதவர் டிரிப்புக்காரரோடு காலந்தள்ள முடியாது. "சரிண்ணே" என்று ஒரே மூச்சில் வந்து தாள் பைக்குள் போனால் தொகை போதும். "சரி" என்று நிறுத்தி, எச்சில் விழுங்கி, "ண்ணே" என்று முடித்தால் நூறு குறைகிறது. "சரி, இருக்கட்டும்ணே" என்றால் இருநூறு குறைகிறது. அடுத்த முறை போன் செய்தால் மூன்று நாளைக்கு எடுக்கமாட்டார். "ஐயோ, எதுக்குண்ணே இவ்வளவு" என்பது அதிகம் கொடுத்துவிட்டதற்கு அடையாளம். இது அபூர்வமாகக் கேட்கக் கிடைப்பது. அப்படிச் சொல்லிவிட்டு அவர் திருப்பிக் கொடுத்ததாக மட்டும் இந்த வட்டாரத்தில் பேச்சில்லை.

‘சரி’யையும் கவனிக்காத மரமண்டைகளுக்காகப் பெட்ரோல் டாங்கி இருக்கிறது. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, மூடியைத் திறந்து, வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டி, உள்ளே சளசளப்பு கேட்கிறதா என்று காதைக் கொடுப்பார். கேட்காது. "ரிசர்வுல வந்துருச்சு" என்று டாங்கியிடம் சொல்வார், ஆளிடம் அல்ல. இதற்கும் அசையாமல் நிற்கக்கூடிய மனிதர் இன்னும் பிறக்கவில்லை. நாலாவது நூறு கைமாறுகிறது. அதை வாங்கும்போது மட்டும் "ச்சே, வேணாம்ணே" என்பார். வண்டி முதல் உதையிலேயே கிளம்பும்.

கூலியை எழுதிக் காட்டும் ஊரும் உண்டு. அமெரிக்காவில் வீட்டுப் புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்களைப் பழுதுபார்ப்பது தனித் தொழில். ஆடு மேயாத, மாடு மேயாத, அளவாக வெட்டிவிடப்படும் புல்லுக்கு மண்ணடியில் குழாய், வால்வு, நேரம் வைத்துத் திறந்து மூட ஒரு பெட்டி. அங்கே மெக்கானிக்கின் வண்டி வாசலில் வந்து நின்றாலே ஒரு தொகை உண்டு. அதன்பிறகு சிலர் மணிக்கணக்கில் வாங்குகிறார்கள். சிலர் தெளிப்பான் தலை ஒன்றுக்கு இவ்வளவு, வால்வு ஒன்றுக்கு இவ்வளவு என்று அச்சடித்த பட்டியலை நீட்டுகிறார்கள். இரண்டிலும் சண்டை உண்டு. மணிக்கணக்கு என்றால் கைதேர்ந்தவனுக்கு நஷ்டம். ஒரு மணி நேரம் தடவுகிறவனைவிடப் பத்தே நிமிஷத்தில் முடிப்பவன் குறைவாக வாங்குவான். பட்டியல் விலை என்றால் வீட்டுக்காரருக்கு வயிற்றெரிச்சல். பத்து நிமிஷ வேலைக்கா இவ்வளவு என்பார். சண்டை எதுவானாலும், எண் ஒன்று காகிதத்தில் இருக்கிறது. சண்டை போட ஒரு எண் கிடைத்திருப்பதே பெரிய பாக்கியம் என்று பாடாலூர்ப் பக்கத்தில் தோன்றும்.

அந்தப் பத்து நிமிஷ விவகாரம்தான் டிரிப்புக்காரரின் வாயையும் கட்டிப்போட்டிருக்கிறது. ஒரு ஜாயினரைச் செருகுவதற்குக் கூலி என்று பார்த்தால் ஐம்பது ரூபாய்கூட அதிகம். ஆனால் அந்த ஜாயினரோடு பாடாலூரிலிருந்து வந்து திரும்பும் பெட்ரோல் இருக்கிறது. மழை பெய்தால் கரிசலில் சக்கரம் மண்ணை அப்பிக்கொண்டு உருள மறுக்க, வண்டியை வரப்போரம் போட்டுவிட்டுப் பையோடு நடந்த முக்கால் கிலோமீட்டர் இருக்கிறது. மும்முனை மின்சாரம் வரும்வரை மோட்டார் கொட்டகையில் காத்துக்கிடந்த நேரம் இருக்கிறது. கசிவு எங்கே என்று தண்ணீர் ஓடாமல் கண்டுபிடிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வானமே தண்ணீர் விட்டுவிடுவதால் போன் அடிக்காத இரண்டு மாதம் இருக்கிறது. சித்தப்பாக்களின் பாக்கி இருக்கிறது. அது சட்டைப்பையில் மடங்கி நைந்த ஒரு சின்ன நோட்டில் பெயரும் தேதியுமாக ஏறிக்கொண்டே போகிறது. இதையெல்லாம் கூட்டி வகுத்து ஒரு ஜாயினரின் தலையில் ஏற்றினால் வரும் எண் நியாயமானதுதான். ஆனால் அதை உரக்கச் சொன்னால், "ஒரு பிளாஸ்டிக்கு முட்டு மாட்டினதுக்கா?" என்று ஊரே கேட்கும். கேட்டும் இருக்கிறது. ஒரு காலத்தில் தொகை சொன்னவர்தான் அவர். சொன்ன இடங்களில் எல்லாம் பேரம் நடந்து பாதிக்கு வந்தது, சொல்லாத இடங்களில் முழுசாக வந்தது. படிப்பினை அவருடையது மட்டுமல்ல.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பங்குனி வெயிலில், வெங்காயம் வாடி மடியும் நேரத்தில், ராத்திரி பதினொன்றுக்குப் போன் போட்டாலும் எடுப்பார். தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு வந்து மெயின் லைனைத் தோண்டி ஒட்டிவிட்டுப் போவார். அன்றைக்கு "பாத்துக் குடுங்க" என்றுகூடக் கேட்காமல் போயிருக்கிறார். மறுநாள் கொடுக்கப்போனால், "அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்பார். அந்த வேலைக்கு யாரும் நூறு ரூபாயைப் பற்றி முணுமுணுத்ததில்லை.

இருந்தாலும், இந்தப் பழக்கத்தின் சுமை எல்லார்மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. பேசத் தெரிந்த அண்ணன்மார் முந்நூறில் தொடங்கி நானூறில் முடித்துக்கொள்கிறார்கள். மகன் வெளிநாட்டிலும் மருமகள் திருச்சியிலும் இருக்க, நாலு ஏக்கரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாவுக்கு அந்தச் ‘சரி’யைப் படிக்கத் தெரியாது. குறைத்துக் கொடுத்தால் அடுத்த முறை வரமாட்டானோ என்ற பயம் மட்டும் தெரியும். முந்தானை முடிச்சை அவிழ்த்து இருநூறாக எடுக்கிறார், முகத்தைப் பார்க்கிறார், இன்னொரு நூறு எடுக்கிறார், திரும்பவும் முகத்தைப் பார்க்கிறார். டிரிப்புக்காரர் பருத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணன்மார் நானூறு கொடுத்த வேலைக்கு அங்கே அறுநூறு போகிறது. அவர் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்காமலே வாங்க முடிகிற இடத்தில் கேட்காமல் இருப்பதை நாகரிகம் என்று சொல்ல முடியாது. முந்நூறு என்றால் முந்நூறு, அறுநூறு என்றால் அறுநூறு. சொல்லிவிட்டுக் குழாயில் கை வைத்தால் அந்த அம்மாள் முடிச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார்.

திருத்தும் முயற்சி நடக்காமல் இல்லை. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்று வெங்காயத்துக்கு வந்த ஒருவர், இரண்டு கோடு நோட்டுத் தாளில் தாமே ஒரு பட்டியல் போட்டார். லேட்டரல் ஒட்டு ஒன்றுக்கு இவ்வளவு, பில்டர் கழுவ, உரம் கலக்கும் வென்ச்சுரி மாட்ட, ஏக்கருக்கு அமிலம் விட இவ்வளவு, பெட்ரோல் கிலோமீட்டர் கணக்கில் தனி. டிரிப்புக்காரர் அதை வாங்கி, உதடு அசையக் கடைசி வரி வரை படித்தார். "நல்லாப் போட்டுருக்கீங்க சார்" என்று உண்மையான மரியாதையோடு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அன்றைய வேலைக்குப் பட்டியல்படி எவ்வளவு வருகிறது என்று வாத்தியார் கேட்டார்.

"அது கெடக்கட்டும் சார். நீங்க பாத்துக் குடுங்க."

டிரிப்புக்காரர் முடிவெட்டிக்கொள்ளும் கடை பாடாலூரில் சாலையோரம் இருக்கிறது. கட்டிங் இவ்வளவு, சேவிங் இவ்வளவு, சிறுவர்களுக்கு இவ்வளவு என்று சுவரில் பலகை தொங்குகிறது. அவர் பலகையை ஒருமுறை படித்துவிட்டு, "அதே ரேட்டுதானே?" என்று கேட்டுக்கொண்டுதான் நாற்காலியில் உட்காருகிறார்.